அலகு சொல்லாத இருபத்தெட்டு

கொழும்பில் இருந்த அந்தத் தனியார் ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர்தான் நஸீமாவை நடக்கவிடாமல் செய்தவர். முடிவு சொல்லும் அலகை மாற்றிவிட்டு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பங்கையும் எழுதுகிறேன். ஒளிக்க மாட்டேன்.

1. வெள்ளித்தாள் சுற்றிய குழாய்

2002 போர்நிறுத்தத்தின் பின் வந்த சமாதான காலத்தில் கிளிநொச்சியில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்தேன். சீனி, ஹீமோகுளோபின் எல்லாம் நாங்களே பார்ப்போம். விற்றமின் டி பார்க்க மெஷின் இல்லை. இரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை எடுத்து, வெளிச்சம் படாமல் வெள்ளித்தாள் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, கொழும்புக்குப் போகும் வான் வண்டியில் ஏற்றுவோம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இராணுவத்தினர் அந்தத் தாளையும் பிரித்துப் பார்ப்பார்கள்.

நஸீமா 1990இல் முஸ்லிம்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், சமாதானம் வந்ததும் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து குடியேறியவர். முப்பது வயது இருக்கும். நாள் முழுக்க வீட்டுக்குள் தையல் மெஷினில் இருப்பவர். சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தார்.

“கதிரையால எழும்பேக்க ஆரோ இடுப்பைப் பிடிச்சு இழுக்கிற மாதிரிக் கிடக்கு மிஸ். மனிசன் சொல்லுது நான் நடிக்கிறனாம்.”

“உங்கட கணவரை ஒரு நாளைக்கு இருந்து தைக்கச் சொல்லுங்கோ.”

ஊசி ஏறும்போதும் சிரித்தார். “என்ர ரத்தம் கொழும்பு பாக்கப் போகுது. நான் இன்னும் பாக்கேல்ல.”

2. ரப்பர் முத்திரை

அச்சடித்த அறிக்கை வந்து சேர இரண்டு கிழமையாகும். அதனால் முடிவைத் தொலைபேசியில் கேட்டு எழுதுவது எங்கள் வழக்கம். நோயாளியின் அட்டையில் குத்த ஒரு முத்திரை வைத்திருந்தோம். ‘விற்றமின் டி’, ஒரு வெற்றுக்கோடு, பிறகு ‘நனோகிராம்’. அதுவரை எல்லா முடிவும் அந்த அலகில்தான் வந்தது. கோட்டில் எண்ணை நிரப்பினால் வேலை முடிந்தது.

“இருபத்தெட்டு மிஸ்,” என்றார் தொலைபேசியை எடுத்த கொழும்பு ஆய்வுகூட ஊழியர்.

“வேறென்ன?”

“வேற ஒண்ணுமில்ல. வச்சிடுறேன், ஆள் நிக்கிறாங்க.”

டொக்டர் அட்டையைப் பார்த்தார். “இருபதுக்கு மேலதானே. அவ்வளவு பிழையில்லை. நோவுக்குக் குளிசை தாறன். கனநேரம் குனிஞ்சு தைக்காதேங்கோ.”

நஸீமாவின் முகம் விழுந்துபோனது. “அப்ப மனிசன் சொன்னது சரியோ மிஸ்?”

குளிசைப் பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அச்சடித்த அறிக்கை பிறகு வந்தது. படிக்காமல் பைலில் போட்டேன். இதுதான் என் பங்கு.

3. வெயில் குடித்தவர்

சில மாதங்களின் பின் விசுவமடுத் தோட்டக்காரர் ஒருவருக்கு நூற்றுப் பதினைந்து என்று வந்தது. டொக்டர் சிரித்தார்.

“இந்தாள் வெயிலைக் குடிக்கிறாரோ? மருந்து எடுக்காத ஆளுக்கு இவ்வளவு வராது. பேப்பர் வரட்டும், பாப்பம்.”

பேப்பர் வந்தது. நனோமோல் என்று இருந்தது. அதை இரண்டரையால் வகுத்தால்தான் நனோகிராம். அவருக்கு நாற்பத்தாறு, நல்ல அளவு. நான் ஓடிப்போய் நஸீமாவின் பேப்பரை எடுத்தேன். அதிலும் நனோமோல். இருபத்தெட்டு இல்லை, பதினொன்று. எலும்பு மென்மையாகிப்போகக்கூடிய அளவு. விற்றமின் குளிசை கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது நோக்குளிசை.

அடுத்த நாளே முல்லைத்தீவுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: “அவை புத்தளத்துக்கே போயிட்டினம். திரும்பச் சண்டை வருமெண்டு பயம். அவாவை ரெண்டு பேர் தூக்கித்தான் வானில ஏத்தினது.”

முகவரி யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் சண்டை தொடங்கி, ஓமந்தைப் பாதை பூட்டப்பட்டது. பிறகு நாங்களே ஓடினோம். 2009இல் வவுனியா அகதி முகாமில் இருந்தபோதும், இன்றைக்கும், ஒரு பெண் கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுந்தால் நான் முகத்தைப் பார்க்கிறேன். நஸீமாவாக இருக்கக்கூடாதா என்று மனம் கிடந்து அடிக்கும். மனிசன் சொன்னது பிழை என்று அவரிடம் ஒருதரம் சொல்ல வேண்டும்.

இப்போது ஆய்வுகூடங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு: எண்ணைக் கேட்க முதல் அலகைக் கேளுங்கள். பேப்பர் வந்தால் படியுங்கள். எண் ‘பிழையில்லை’ என்று சொல்ல, எதிரே நிற்கும் ஆள் சுவரைப் பிடித்தால், ஆளை நம்புங்கள்.

பொறுப்பாளரே, அலகை மாற்றியதை எத்தனை மருத்துவ நிலையங்களுக்கு அறிவித்தீர்கள்? எங்களைப் போல எத்தனை பேர் நோயாளிகளைச் சரியான மருந்தில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்? எனக்குத் தனிக்கடிதம் வேண்டாம். இந்தக் கட்டுரை வெளியாகும் இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு, எல்லோரும் படிக்கப் பதில் எழுதுங்கள்.