ஒருநாள் பூச்சி கிளம்பிய சாயங்காலம்

பல்லுக்காரர் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் கட்டிக் கொடுப்பவர். ஆஸ்பத்திரிக்குப் பின்புறச் சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய அறை. ஒரு மேஜை, ஒரு பர்னர், மெழுகு, சுவர் முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள். நாளெல்லாம் அந்தத் தாடைகளோடேயே உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, உயிருள்ள மனிதர் ஒருவர் அகப்பட்டால் லேசில் விடமாட்டார். முதுகுவலியில் ஆரம்பித்து முனிசிபாலிட்டி வரைக்கும் போவார். எதிரில் இருப்பவர் வாட்ச்சைப் பார்த்தால் அதுவும் அவருக்கு ஒரு புதுப் பேச்சுக்கு அடியெடுத்துக் கொடுக்கும்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ட்ரவுட் மீன். ஊருக்கு வெளியே கூழாங்கல் தெரிய ஓடும் குளிர்ந்த ஓடையில் அந்த மீன் உண்டு. புழுவைக் கோத்துப் போட்டுப் பிடிக்கிற ஜாதி இல்லை அது. நூலும் இறகும் வைத்து முள்ளின் மேல் பொய்ப்பூச்சி கட்டி, நிஜப் பூச்சி விழுவது போலத் தண்ணீரில் மெல்ல விழவைக்க வேண்டும். பல்லுக்காரரின் விரல் அதற்கென்றே செய்தது. மச்சினனுக்கும் அவனுடைய சேக்காளிகளான மருந்துக்கடைக்காரருக்கும் டிரைவிங் ஸ்கூல்காரருக்கும் பொய்ப்பூச்சி கட்டிக் கொடுத்தது அவர்தான்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். வீடு ஓடைக்கரையிலேயே. வெயில் ஏறத் தொடங்கும் பருவத்தில் ஏதோ ஒரு சாயங்காலம் ஒருநாள் பூச்சி கிளம்பும். வருஷமெல்லாம் ஓடையின் அடியில் சேற்றுக்குள் கிடந்த பூச்சிகள் ஒரே நேரத்தில் மேலே வந்து, இறக்கை விரித்து, புகை மாதிரி எழும். அவற்றுக்குத் தின்ன வாய் கிடையாது. ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, அன்றைக்கே தண்ணீரில் செத்து விழுவதோடு சரி. அந்த நேரத்தில் ட்ரவுட்டுக்குப் பயமே விட்டுப்போகும். கால்மாட்டில் மனிதன் நின்றாலும் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். இதெல்லாம் ஒரே ஒரு சாயங்காலக் கூத்து. என்றைக்குக் கிளம்பும் என்று கரையில் குடியிருப்பவனுக்குத்தான் தெரியும்.

"கிளம்புனதும் போன் பண்றேன் மாமா" என்பான் மச்சினன். போனும் வரும். எல்லாம் முடிந்த பிறகு.

"முந்தாநேத்து திடீர்னு கிளம்பிடுச்சு மாமா. நான் கடையில மாட்டிக்கிட்டேன். எங்க யாருக்குமே கிடைக்கல."

"பரவால்ல மாப்ள. பூச்சிக்கு நாம என்ன நாளா குறிச்சுக் குடுக்க முடியும்?" என்று பல்லுக்காரர் அவனைத் தேற்றுவார். அடுத்த வருஷத்துக்கு இன்னும் நேர்த்தியாகப் பூச்சி கட்ட உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனார். மச்சினன் உள்ளே விளக்கைச் சரிசெய்து கொண்டிருந்தான். முன்னறைக் கம்ப்யூட்டரில் படங்கள் ஒவ்வொன்றாகத் தானே மாறிக்கொண்டிருந்தன. கல்யாணம், குழந்தை, கல்யாணம். பிறகு ஓடை. காற்றெல்லாம் பூச்சி. இடுப்பளவு தண்ணீரில் மூன்று பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். அதன் உதட்டோரம் மாட்டியிருந்த பூச்சி பல்லுக்காரர் கட்டியது. போன வருஷத்தது. அடுத்த படம் அதற்கும் முந்தின வருஷத்தது, அதிலும் அதே மூன்று பேர்.

"உள்ள வாங்க மாமா" என்றான் மச்சினன்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். "தாடைய கொஞ்சம் தூக்குங்க. சிரிக்காதீங்க மாமா, பாஸ்போர்ட்டுக்கு ஒத்துக்கமாட்டாங்க" என்றான் மச்சினன்.

அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலேயே, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"தம்பி சொன்னான். மத்த நாள்ல நீங்க கூட வந்தாலே வாய் ஓயாம பேசிட்டே இருக்கீங்களாம். தண்ணிக்குள்ள தொபுக்குனு விழுந்து மீனையெல்லாம் விரட்டிவிட்டுடுறீங்களாம். வருஷத்துக்கு ஒரு சாயங்காலம், அதையாவது நிம்மதியா விடக்கூடாதான்னு கேட்டான். எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு."

"அப்ப நான் கட்டுற பூச்சி மட்டும் வேணுமா?"

"அதுல உங்களுக்கு சந்தோஷம்தானே" என்றாள். மனதார அப்படி நம்பித்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். மனைவிக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் பூச்சி கட்டினார். பல்செட்டில் வைக்கும் கம்பியைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. சிவக்கச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் அதன் முறுக்கு போய்விடும். அப்புறம் பார்வைக்குத்தான் கம்பி. அழுத்தினால் வளையும். தூண்டில் முள்ளும் அதே எஃகுதானே. ஒவ்வொரு முள்ளையும் பர்னரில் காட்டி, ஆறவிட்டு, கறுப்பு பூசி, அதன் மேல் இறகைச் சுற்றினார். சின்ன மீனைத் தாங்கும். பெரியது இழுத்தால் நிமிர்ந்துவிடும்.

"இந்த வருஷம் அசத்திட்டீங்க மாமா" என்றான் மச்சினன், டப்பாவைத் திறந்து பார்த்து. அவனிடமே ஒரு பழைய கேமராவையும் நீள லென்ஸையும் விலை பேசி வாங்கினார். பூச்சியைப் படம் பிடிக்கப் போவதாகச் சொன்னார். "இதுல பூச்சியோட கண்ணுகூட விழும் மாமா" என்றான் அவன், எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தான்.

வெயில் ஏறத் தொடங்கியதும் தினமும் மத்தியானமே அறையைப் பூட்டிக்கொண்டு ஓடையின் அக்கரைக்குப் போய், பாழடைந்த பம்ப் ஹவுஸின் ஜன்னலருகே உட்கார்ந்தார். கடைசியில் ஒரு சாயங்காலம் பூச்சி கிளம்பியது. மூன்று பேரும் வந்தார்கள். அவருடைய போன் அடிக்கவில்லை.

முதல் பெரிய மீன் மருந்துக்கடைக்காரர் தூண்டிலில் விழுந்து, தப்பிப் போனது. அவர் நிமிர்ந்த முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்ததைப் பல்லுக்காரர் படம் எடுத்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் கெட்ட வார்த்தை சொன்னதையும் எடுத்தார். தோள் குலுங்கச் சத்தம் வராமல் சிரித்தார். இவ்வளவோடு எழுந்து போய்விடத்தான் நினைத்திருந்தார்.

மற்ற இருவரும் கீழே வளைவுக்கு அப்பால் இறங்கிப் போனார்கள். மச்சினன் மட்டும் பாறை இடுக்கில் நின்று, பெரிய மீன் ஒன்றைப் பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தான். முள் நிமிர்ந்தது. இழுத்த வேகத்தில் அவன் மல்லாக்க விழுந்தான். இரண்டு பாறைக்கு நடுவே கால் சிக்கி எலும்பு முறிந்தது; அவன் போட்ட அலறல் அக்கரை வரை கேட்டது. தண்ணீர் அவன் தாடை வரை இருந்தது.

"யாராவது இருக்கீங்களா? அண்ணே! யாராவது வாங்க!"

ஓடை இரைச்சலில் கீழே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. பல்லுக்காரர் எழுந்தார். பிறகு என்ன தோன்றியதோ, லென்ஸைத் திருகிக் கிட்டத்தில் கொண்டுவந்தார். பூச்சிகள் சாகத் தொடங்கியிருந்தன. அவன் நெற்றியிலும் இமையிலும் திறந்த வாயிலும் விழுந்தன. முங்காமல் இருக்கப் பாறையைப் பிடித்திருந்த கையைத் தூக்கித் தட்டிவிடவும் அவனால் முடியவில்லை. படம் அருமையாக விழுந்தது. அவர் எடுத்துக்கொண்டே இருந்தார். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் குரல் கம்மி, பிறகு வெறும் முனகலாகியது. டிரைவிங் ஸ்கூல்காரர் தற்செயலாகத் திரும்பி வந்தபோதுதான் பல்லுக்காரர் பின்வழியே இறங்கி நடந்தார்.

குளிர்ந்த தண்ணீரில் நெரிபட்டுக் கிடந்த பாதத்துக்கு ரத்தம் போகவில்லை என்றார்கள். அதை எடுக்க வேண்டியதாயிற்று. முள் கம்பெனிக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று மருந்துக்கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி தம்பிக்குத் துணையாக ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அவள் டீ வாங்கப் போன ஒரு நேரத்தில் பல்லுக்காரர் கட்டிலருகே உட்கார்ந்து, கேமராவை மச்சினன் கையில் கொடுத்தார். அவன் தொழில்காரன். படங்களை நிதானமாக ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். தன் முகம் வந்த பிறகும் விரல் நிற்கவில்லை. கடைசிப் படம் வரை பார்த்தான்.

"நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா மாமா?"

"கேட்டுச்சு."

அக்கா பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள்.

"என்னடா அது?"

"பூச்சிப் படம்க்கா. மாமா எடுத்தது" என்று கேமராவை அணைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. பல்லுக்காரர் தனக்கு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். வரவில்லை. இவன் ஏன் சொல்லவில்லை என்ற யோசனைதான் வந்தது. அது வந்த பிறகு தூக்கம் போயிற்று. அக்காவுக்காகவா, இல்லை வேறெதற்காவது வைத்துக்கொண்டிருக்கிறானா?

அடுத்த பருவத்தில் மருந்துக்கடைக்காரரே வந்து கூப்பிட்டார். "ஒரு ஆள் குறையுதுல்ல, நீங்க வாங்க." மச்சினனும் வந்தான். செயற்கைப் பாதத்தோடு, கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். வாழ்நாளில் முதல்முறையாகப் பல்லுக்காரர் ஒருநாள் பூச்சிக்கு நடுவே தண்ணீரில் இறங்கி நின்றார். மற்ற இருவரும் வளைவுக்கு அப்பால் போய்விட்டார்கள்.

"மாமா" என்றான் மச்சினன். குரலில் கோபமே இல்லை. "அங்க ஏன் நிக்கிறீங்க? இன்னும் கொஞ்சம் உள்ள போங்க. பெரிசெல்லாம் அந்த ஆழத்துலதான் நிக்கும். தரை நல்லா கெட்டியாத்தான் இருக்கும்."

அவன் காட்டிய இடத்தில் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பிப் பூச்சியை விழுங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் அங்கே கறுத்திருந்தது, அடி தெரியவில்லை. பல்லுக்காரர் அந்தக் கறுப்பைப் பார்த்தார். மச்சினன் முகத்தைப் பார்த்தார். அவன் லேசாகச் சிரித்துத் தலையாட்டினான்.

அவர் நகரவில்லை. முட்டியளவு தண்ணீரில், ஆழத்துக்கு முதுகு காட்டி, அவன் முகம் தெரிகிற மாதிரி திரும்பி நின்றுகொண்டார். வெளிச்சம் போகும்வரை பின்னால் மீன் துள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூண்டிலை அவர் ஒருதரம்கூட வீசவில்லை. அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும் மச்சினன் ஒருமுறைகூடத் தவறாமல் அவரைக் கூப்பிட்டான், மறுக்கத் துணியாமல் அவரும் போனார், அதே இடத்தில் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பினார்.