கோதண்டராமன் வாங்கிய எடை மெஷின்

கோதண்டராமன் எனக்குத் தங்கை மாப்பிள்ளை. ஆதிலட்சுமி என் கூடப் பிறந்தவள் இல்லை, பெரியப்பாவின் இரண்டாம் தாரத்து மகள். ஆறு வயதில் அப்பனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டில் வளர்ந்தாள். அவளைத் தாரை வார்த்துக் கொடுத்தது நான்தான்.

மாப்பிள்ளைக்குக் கீழ்பென்னாத்தூரில் ஒரு நிலக்கடலை மண்டியில் எடை போடும் வேலை. முப்பத்தெட்டு வருஷம் மல்லாட்டை மூட்டையை நிறுத்துத் தள்ளினார். முதல் மூட்டையை ஒன்று என்று எண்ணமாட்டார், லாபம் என்பார். இரண்டாவதிலிருந்துதான் எண்ணிக்கை. பங்காளிச் சண்டையில் நெல்லைப் பிரிக்க வேண்டுமென்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கோதண்டராமன் நிறுத்தது என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. சொந்தமாகக் கால் காணி கிடையாது, அந்தப் பேர் ஒன்றுதான் சொத்து.

போன ஐப்பசியில் ஆதிலட்சுமிக்கு மூச்சு வாங்கி, திருவண்ணாமலையில் ஒரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். இருதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்பும்போது ஐம்பத்தெட்டு கிலோ. வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கி வையுங்கள், தினமும் காலையில் வெறும் வயிற்றில் நிற்கவையுங்கள், மூன்று நாளைக்குள் இரண்டு கிலோ ஏறினால் ஒரு நாளும் தாமதிக்காமல் கூட்டிவந்துவிடுங்கள், அப்போது வந்தால் மருந்தைக் கூட்டி நீரை இறக்கிவிடலாம் என்று இரண்டு தரம் சொன்னார். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். எடை விஷயத்தில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நானும் நினைத்தேன்.

மெஷின் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பையில் இரண்டு ஐந்து கிலோ இரும்புப் படிக்கல், முத்திரை குத்தியவை. தேரடித் தெருப் பக்கம் ஒரு கடையில் கண்ணாடி போட்ட மெஷினை எடுத்துக் காட்டிய பையன், போனிலேயே எடை வரும் என்றான். போன் எதுக்கு, நிக்கிறவளுக்குத் தெரிஞ்சா போதும் என்று இவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அறுபத்து நாலு மூணு. இறங்கி ஏறினார், அறுபத்து நாலு ஒன்பது. மறுபடி ஏறினார், நாலு ஒன்று.

“மூணு தபா கேட்டா மூணு பதில் சொல்றவன் சாட்சிக்கு ஆவமாட்டான். வேற எடுப்பா” என்றார்.

நாலாவது மெஷின் மூன்று தரமும் அறுபத்து நாலு ஆறு காட்டியது. பழைய எடையை ஞாபகம் வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறதோ என்று ஒரு படிக்கல்லைக் கையில் பிடித்து ஏறினார். அறுபத்தொன்பது ஆறு. கல் இரண்டையும் நடுவில் வைத்தார், நாலு மூலையிலும் வைத்தார். எங்கே வைத்தாலும் பத்து. கடைக்காரப் பையனுக்குப் பசியே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பணத்தைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் இடம் பார்த்தார். சிமெண்டுத் தரை, வழவழவென்று இருக்கும். ஆனால் மண்டியில் தராசை வெறுந்தரையில் வைக்கிற வழக்கம் இல்லை. லட்சுமி உட்காருகிற இடம் என்பார்கள். ஒரு நல்ல சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் மெஷினை வைத்து, மூலையில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

முதல் நாள் ஐம்பத்தாறு காட்டியது. ஆஸ்பத்திரியில் ஐம்பத்தெட்டாச்சே என்றேன். அவர் படிக்கல்லை எடுத்து வைத்தார். பத்து கிலோ, ஒரு கிராம் பிசகவில்லை.

“கல்லு பொய் சொல்லுமா மச்சான்? ஆஸ்பத்திரி மெஷின்தான் ரெண்டு கிலோ ஜாஸ்தி காட்டுது.”

தினமும் காலண்டர் கட்டத்தில் எழுதினார். ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு இரண்டு, ஐம்பத்தாறு நாலு. வெள்ளிக்கிழமை தவறாமல் கல்லை வைத்துச் சரிபார்த்தார். கார்த்திகை பிறந்த பிறகு ஆதிலட்சுமி மெட்டி இறுக்குகிறது என்றாள். சோப்பு போட்டு உருவினார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு தலையணை கேட்டாள். பிறகு மூன்று. ஒரு நாள் என்னிடமே சொன்னாள்.

“கால் பாரு அண்ணே, அமுக்குனா குழி வுழுது. இந்தாளு மெஷினத்தான் பாக்குறாரு.”

நான் மாப்பிள்ளையிடம் கேட்டேன். பத்து நாளில் ஒரு கிலோகூட ஏறவில்லை, நீர் கோத்தால் எடையில் தெரியாமல் எங்கே போகும் என்றார். அந்தக் கணக்கில் எனக்கு ஓட்டை தெரியவில்லை.

அவர்கள் மகள் மணிமொழி சென்னையிலிருந்து வந்தாள். வந்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்பா நீட்டிய காலண்டரையும் வாங்கவில்லை. நேராகப் போய், பையைத் தள்ளி வைத்துவிட்டு மெஷின் மேல் ஏறினாள்.

“நான் எழுபது கிலோப்பா. போன வாரம்தான் பாத்தேன். இது ஐம்பத்தெட்டுதான் காட்டுது.”

அவர் கல்லை எடுக்கக் குனிந்தார். அதற்குள் அவள் சாக்கை உருவி எறிந்துவிட்டு மெஷினைத் தரையில் வைத்து ஏறினாள். எழுபது. பிறகு அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நிற்கவைத்துக் கையை எடுத்தாள். அறுபத்து நாலு.

பத்து கிலோக் கல்லுக்குச் சாக்கு அமுங்கவில்லை. ஆள் நின்றால் அமுங்கி, மெஷினின் வயிறு சாக்கில் உட்கார்ந்துகொள்ளும். பாரத்தில் ஒரு பங்கைச் சாக்கு வாங்கிக்கொள்ளும். உடம்பு ஏற ஏற இன்னும் அமுங்கும், ஏறின எடையைச் சாக்கே முழுங்கிவிடும். மணிமொழிதான் இதைச் சொன்னாள், அதுவும் பிறகு ஆட்டோவில். மாப்பிள்ளை மடியில் படிக்கல் பை இருந்தது.

ஒன்பது நாள் ஐசியுவில் வைத்து நீரை இறக்கினார்கள். இருதயம் இன்னும் கெட்டுவிட்டது, இனி மருந்துக்குப் பெரிதாக வேலை இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

“பத்து நாளு முன்னாடி வந்திருந்தா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்து மணிமொழி கையில் கொடுத்தார்.

இப்போது மெஷின் வெறுந்தரையில் இருக்கிறது. குங்குமத்தைத் துடைத்துவிட்டார். எடை பார்த்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று மணிமொழி சொல்லியும் காலையில் ஆதிலட்சுமியை மெஷினில் நிற்கவைக்கிறார். நேற்று நான் போனபோதும் நிற்கவைத்தார். அவளால் தனியாக நிற்க முடியவில்லை. பின்னாலிருந்து இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். பிடித்தால் எடை தப்பு என்று அவருக்குத் தெரியும். ஒரு நிமிஷம் கையை எடுத்தார். அவள் ஆடினாள். மறுபடி பிடித்துக்கொண்டார். மெஷினில் எண் நிலைக்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

“எவ்ளோங்க?” என்றாள். அவளுக்கு இப்போது குனிந்து பார்க்க முடியாது.

“சரியாத்தான் கீது” என்றார்.

காலண்டரில் அந்தக் கட்டத்தில் அவர் எதுவும் எழுதவில்லை. அதற்கு முந்தின ஆறு கட்டமும் காலியாகத்தான் இருந்தன.