பளபளத்த கல்

தொண்ணூறுகளில் ராஜபாளையம் நூலகத்தில் ஒரு வரலாற்றுச் சொற்பொழிவு ஆற்றினேன். சோழபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், கோயில் முன் பாதி புதைந்து நின்ற வட்டெழுத்துக் கல்வெட்டைப் பற்றியது அந்தப் பேச்சு. வெளியே தெரிந்த வரிகளை மட்டும் படியெடுத்திருந்தேன். கண்மாய்த் தண்ணீரில் யாருக்கெல்லாம் பாத்தியம் என்று சொல்லத் தொடங்கி, வாசகம் மண்ணுக்குள் போய்விடும். அந்தக் கல் ஊரின் பொக்கிஷம் என்று அழுத்திச் சொன்னேன்.

சில மாதம் கழித்து, அவ்வூர்க் கோயில் நிர்வாகி முத்தையா ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், கும்பாபிஷேகத்துக்குக் கட்டாயம் வரணும். நீங்க பேசுன பொறவுதான் கல்லோட அருமை வெளங்குச்சு. முழுசாத் தோண்டி எடுத்து நிறுத்திட்டோம்."

கும்பாபிஷேகம் வரை பொறுக்க மாட்டாமல், கல்லைப் பார்க்க அன்றே அவரோடு பஸ் ஏறினேன்.

கல் மாலையோடு ஆளுயரம் நின்றது. தடவிப் பார்த்தேன். உள்ளங்கை வழுக்கியது. ஓர் எழுத்துகூட இல்லை.

"பூரா கீறலும் கறையுமாக் கெடந்துச்சு சார். மிஷின் வச்சு மணலைப் பீச்சித் தேச்சோம். தூணைவிட இதுக்குத்தான் கூட நேரம்," என்ற முத்தையா என் முகத்தையே பார்த்தார்.

"நல்லா இருக்கு," என்றேன். துண்டு போர்த்தினார்.

அதன்பின் மேடையில் எதையும் புகழ எனக்கு நாக்கு எழுவதில்லை.

பிறகு கல்வெட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை வந்தது. சிதைந்த வரிகளில் எழுத்துக்கு ஒன்றாகப் புள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அந்தக் கல்லின் மேல்பாதியைத் தட்டச்சு செய்துவிட்டு, யாருமே படித்திராத கீழ்ப்பாதிக்குப் புள்ளி வைக்கத் தொடங்கினேன். எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.