கூடு காலி

1. கல்லுக்கு இந்தப் பக்கம்

புதுச்சேரி வனத்துறையில் வாட்ச்சராகச் சேர்ந்த முதல் நாளே எங்கள் ரேஞ்சர் எனக்குப் பறவை எண்ணக் கற்றுக்கொடுத்தார். சோரியாங்குப்பத்து வயல் வரப்பில் எல்லைக்கல்லைக் காட்டி, "இன்னாம்மா செல்வி, இந்தக் கல்லுக்கு இந்தாண்ட உக்காந்திருக்கறத மட்டும் எண்ணு. அந்தாண்ட போய்ட்டா அது தமிழ்நாட்டுப் பறவ. அவங்க எண்ணிக்குவாங்க" என்றார்.

எங்கள் கொம்யூன் பஞ்சாயத்துகளில் நாலு வயல் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். ஏரியில் தாரா, அரியாங்குப்பம் அலையாத்தியில் மீன்கொத்தி, கரும்புக் கொல்லையில் சில்லை, நெல் வயலில் கொக்கு என்று எல்லாவற்றையும் வருடா வருடம் கல்லுக்கு இந்தப் பக்கமாகவே எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு கொக்கு எழும்பி அந்தப் பக்கம் போனால், போட்ட கோட்டை ரப்பரால் அழித்துவிடுவேன். அவ்வளவு நேர்மையான இலாகா எங்களுடையது.

2. புளியமரம்

அந்தக் கல்லை ஒட்டி ஒரு புளியமரம். அடிமரம் அவர்கள் பக்கம், கிளைகளில் முக்கால்வாசி எங்கள் பக்கம். ஒரு வருடம் தை மாதம் அதில் முப்பதுக்கு மேல் நத்தைக்குத்தி நாரைக் கூடுகள் இருந்தன. வயலில் நத்தை பொறுக்கித் தின்னும் பறவை என்பதால் விவசாயிகள் யாரும் கல்லெடுத்து எறிய மாட்டார்கள். குஞ்சுகள் பொரிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அப்போதுதான் ரோட்டை அகலமாக்கும் காண்ட்ராக்டர் மெஷின் ரம்பத்தோடு வந்து இறங்கினார்.

ஆபீசுக்கு ஓடினேன். ரேஞ்சர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "மரம் அவங்களுதும்மா. நாம இன்னா பண்ண முடியும்?"

அப்படியே சைக்கிளைத் திருப்பி எல்லைக்கு அப்பாலிருந்த ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி சிரித்தார். "கூடு எல்லாம் உங்க பக்கத்துல தொங்குது. பறவ உங்களுதும்மா."

மரம் ஒருவருக்கு, பறவை இன்னொருவருக்கு. குஞ்சுகள் யாருக்கும் இல்லை. காண்ட்ராக்டர் மட்டும்தான் தெளிவாகப் பேசினார்: "அக்கா, ரெண்டு பேருக்குமே வேணாம்னா நான் நாளைக்கே அறுத்துட்டுப் போறேன்."

குஞ்சுகளைச் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று புரிந்தது. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து ரேஞ்சருக்கு எழுதினேன்: 'நம் எல்லைக்குள் நீண்டிருக்கும் கிளைகளை, நம்மைக் கேட்காமல், பக்கத்து மாநிலத்தார் வெட்டப்போவதாகத் தெரிகிறது.'

மனுஷன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இன்னாது? நம்ம எல்லையில வந்து கை வைப்பானா? எவன் அவன்?"

3. இரண்டு சர்க்கார்

அன்று சாயங்காலமே கடிதம் போனது. 'கிளை எங்களுடையது.' நாலாம் நாள் பதில் வந்தது. 'அடிமரம் எங்களுடையது.' பிறகு கூட்டு சர்வே. இரண்டு பக்கத்து சர்வேயர்களும் டேப் பிடித்தார்கள். எங்கள் டேப்பில் கல் அந்தப் பக்கம் ஒரு அடி தள்ளி இருக்க வேண்டும், அவர்கள் டேப்பில் இந்தப் பக்கம். மறு சர்வே. அதற்கும் ஆட்சேபணை. மேலே நாரைக் குஞ்சுகள் அலகைத் திறந்துகொண்டு கத்தின, கீழே அதிகாரிகளும் அப்படியே. ஒருவர்கூடத் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

காண்ட்ராக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஒரு மரத்துக்கு ரெண்டு கெவர்மெண்டாக்கா? எவன் வூட்டு வாசல்ல போய் நிக்கறது?"

"எனக்கு இன்னாப்பா தெரியும்? நான் வெறும் வாட்ச்சர்" என்றேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி.

மாசி கடைசியில் கடைசிக் குஞ்சும் பறந்தது. ஒவ்வொன்றாக அவை கிளம்பியதை வரப்பில் நின்று பார்த்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதேன். அதே பூரிப்போடு ஆபீசுக்கு வந்து, வாழ்நாளில் முதல்முறையாக யாரும் கேட்காமல் ஒரு ரிப்போர்ட் எழுதினேன்: 'எல்லாக் குஞ்சுகளும் பறந்துவிட்டன. கூடுகள் காலி.'

என் ரிப்போர்ட் எதையும் அவ்வளவு சீக்கிரமாக யாரும் படித்ததில்லை. மூன்றாம் நாள் இரண்டு அதிகாரிகளும் மரத்தடியில் கை குலுக்கினார்கள். 'வாட்ச்சரின் அறிக்கைப்படி கூடுகள் காலியாக உள்ளதால் இரு தரப்புக்கும் ஆட்சேபணை இல்லை.' மத்தியானத்துக்குள் மரம் ரோட்டில் கிடந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு செடி, இந்தப் பக்கம் ஒரு செடி நட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் ஊற்றுவது யார் என்பதில் மட்டும் முடிவு எட்டப்படவில்லை. இரண்டு செடியும் சித்திரையில் கருகின.

அடுத்த மழைக்கு நாரைகள் வந்தன. மரம் இருந்த இடத்துக்கு மேலே இரண்டு நாள் சுற்றின. ஒன்றும் உட்காராததால், கணக்குப்படி அவை எந்தப் பக்கத்தையும் சேரவில்லை. நான் பூஜ்யம் போட்டேன். ரேஞ்சர் பார்த்துவிட்டு, "அசிங்கமா இருக்கும்மா, போன வருஷத்து நம்பரையே போட்டுடு" என்றார்.

போன மாதம் ஓய்வு பெற்றேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் வாட்ச்சர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். அதிகாரிகள் சண்டை போட்டால் விலக்கப் போகாதீர்கள். குஞ்சு பறந்துவிட்டால் சந்தோஷப்படுங்கள், ஆனால் 'கூடு காலி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'வெளியே போயிருக்கிறார்கள், வருவார்கள்' என்று எழுதுங்கள். நான் எழுதவில்லை.