எல்லா வரியும் பச்சை

சென்ற ஐப்பசியில், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் நடந்தது இது. கோபம் இன்னும் ஆறவில்லை. யார்மீது என்பதுதான் இடையில் மாறிவிட்டது.

அரசு மருத்துவத் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மையத்தின் நிர்வாகத்தைச் சம்பளமில்லாமல் கவனிக்கிறேன். நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்க மென்பொருள் செய்துதர, தி. நகர் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். புதிய முறையாம். 'இப்படி ஒரு நிலைமை, அப்போது இது நடந்தால், இப்படி ஆக வேண்டும்' என்று நாம் முதலில் சாதாரணத் தமிழில் உதாரணங்கள் சொல்ல வேண்டுமாம். மென்பொருள் அதன்படி நடக்கிறதா என்று கணினி வரிவரியாகச் சோதிக்கும். நடந்தால் பச்சை, தவறினால் சிவப்பு.

"எதுல ஆரம்பிக்கலாம் சார்? எது தப்பாப் போனா நோயாளிக்கு ஆபத்தோ, அதை முதல்ல பேசலாமா? நர்ஸையும் கூப்பிடுங்களேன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்றது. மையத்தின் விதிகளில் முதலில் வரும் விண்ணப்பப் படிவத்தில் ஆரம்பிக்க வேண்டும். முதல் விதியில் ஆரம்பிப்பதற்காகத்தானே அதற்கு ஒன்று என்று எண் போட்டிருக்கிறது? நர்ஸுக்கு ஊசி போடுகிற வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நாற்பத்தொரு வரிகளை நானே எழுதி, பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பமும் இட்டுக் கொடுத்தேன்.

சோதனை ஓட்டத்தின் முதல் நாள் நல்ல மழை. வடபழனியிலிருந்து வாரம் மூன்று முறை வரும் ஆட்டோ ஓட்டுநர் நாற்பது நிமிடம் தாமதமாக, கால் வீங்கி, மூச்சு வாங்க வந்து நின்றார். அவர் இடம் ரத்தாகி, அவருடைய படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். அடுத்த காலியிடம் மறுநாள் மாலை என்று காட்டியது திரை.

"இன்னா சார், ரோடெல்லாம் தண்ணி நிக்கிது. நாளிக்கு சாயங்காலம் வரிக்கும் நான் தாங்குவனான்னு அந்த மிசினாண்ட கொஞ்சம் கேட்டு சொல்லு" என்றார்.

அங்கே உட்கார்ந்திருந்த பொறியாளரை எல்லோர் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்தேன். மனிதருக்கு மென்பொருள் செய்கிறீர்களா, மாட்டுக்கா என்றுகூடக் கேட்டேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். நாற்பத்தொரு வரிகளும் பச்சை. பதினேழாவது வரி: 'நோயாளி பதினைந்து நிமிடம் தாமதித்தால், இடம் ரத்தாகி, காத்திருப்போரில் அடுத்தவருக்குச் செல்ல வேண்டும்.' காற்புள்ளி உட்பட என்னுடையது.

அதற்குள் நர்ஸ், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மந்தைவெளியில் இருக்கும் ஓர் அம்மாளுக்குப் போன் போட்டுவிட்டார். "அம்மா, உங்க மத்தியான முறையை வடபழனி அண்ணனுக்குத் தர்றேன். நீங்க நாளைக்கு வாங்க." அந்த அம்மாள் உடல்நிலை ஒரு நாள் தாங்கும் என்பது நர்ஸுக்குத் தெரியும். மழை நாளில் பக்கத்தில் இருப்பவர்கள் தூரத்துக்காரர்களுக்கு விட்டுக்கொடுப்பது அங்கே பல வருட வழக்கமாம். என் விதிகளில் மட்டும்தான் அது இல்லை.

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?" என்றேன்.

"நீங்கதான் என்னை ஊசி போடச் சொன்னீங்களே சார்."

மறுநாள் மூவரும் உட்கார்ந்தோம். நர்ஸ் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் வரி, மழையில் தாமதமாக வரும் வடபழனிக்காரரைப் பற்றியது. விண்ணப்பப் படிவம் கடைசிக்குப் போனது.

இப்போதெல்லாம் எங்காவது எல்லாம் விதிப்படி சரியாக நடக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தப் பச்சைத் திரையின் முன்னால் மூச்சு வாங்க ஒருவர் நின்றுகொண்டிருக்கிறாரா என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.