ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போட்ட நடிகை

"யார் செஞ்சது?"

கதவுச் சங்கிலியைக் கழற்றாமல், விரல் நுழையும் இடுக்கு வழியாக மிஸ் டெல்ஃபின் ஹாஸ்கின்ஸ் கேட்கிறார். வெளியே சர்ச்சிலிருந்து வந்த பெண், அலுமினியத் தாள் போட்டு மூடிய உருளைக்கிழங்கு சாலட்டோடு நிற்கிறாள். தானே செய்ததாகச் சொல்கிறாள்.

"திராட்சை போட்டியா?"

"கொஞ்சமா..."

"திராட்சை போடுறவ வேற என்னென்ன போடுவாளோ. எடுத்துட்டுப் போ, கண்ணு."

லாஸ் ஏஞ்சலீஸில் கறுப்பர்கள் வாழும் எங்கள் லைமெர்ட் பார்க் பக்கம், யார் கையால் செய்தது என்று தெரியாத உருளைக்கிழங்கு சாலட்டை நாங்கள் யாருமே தொடுவதில்லை. அது ஊர் வழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மிஸ் டெல்ஃபின் பொரித்த கோழியையும் திருப்பி அனுப்புகிறார், பாதிரியார் மனைவி கொண்டுவந்த பீச் பழப் பணியாரத்தையும் திருப்பி அனுப்புகிறார். இதயம் இனி அதிக நாள் தாங்காது என்று டாக்டர் கைவிரித்ததிலிருந்து அவர் வீட்டு வாசலில் கூட்டம் ஓயவில்லை. "இத்தனை வருஷமா என் வீட்டுக்கு வழி தெரியாதவங்களுக்கு இப்ப யாரு வழி சொன்னது?" என்பார். எதிர்வீட்டுக்காரன், பெட்ரோல் பங்க் நடத்தி ஓய்ந்தவன், மிச்ச நேரத்தில் எங்கள் வார இதழுக்கு எதையாவது கிறுக்குகிறவன் என்பதால் எனக்கு மட்டும் உள்ளே அனுமதி உண்டு. அதற்கும் முதலில் என் பைகளை ஒரு பார்வை பார்ப்பார்.

எண்பதைத் தாண்டிய உடம்பு. மூக்கில் பிராணவாயுக் குழாய், உதட்டில் சிவப்புச் சாயம், தலையில் கொஞ்சம் சாய்ந்த விக். பேசும்போது எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். பேசி முடியும்வரை விடமாட்டார். சமையலறையில் ஃப்ரிட்ஜைச் சுற்றி ஒரு சைக்கிள் சங்கிலி, அதில் பூட்டு. சாவி அவர் கழுத்தில். தாகம் என்றால் குழாய்த் தண்ணீர்தான். உள்ளே ஜின் பாட்டில் இருப்பதாகத் தெரு பேசிக்கொண்டது. நகை என்று நான் நினைத்தேன். எதுவாக இருந்தாலும் நேர்மையான சமாசாரமாக எனக்குப் படவில்லை.

சினிமாவில் அவர் செய்தது பெரும்பாலும் சமையல்காரி, ஆயா, துணி வெளுப்பவள். அப்பா மெம்ஃபிஸில் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் கொச்சையாக ஒரு சொல் பேசினால் சாப்பாடு கிடையாதாம். ஸ்டூடியோவில் அவருடைய திருத்தமான பேச்சைக் கேட்டு இயக்குநர் முகம் சுளித்தார். "நம்ம ஜனங்க எப்படிப் பேசுவாங்கன்னு எனக்குச் சொல்லித்தர ஒரு வெள்ளைக்காரனைக் கூட்டிட்டு வந்தாங்க, தம்பி. அவன் பேசிக் காட்டுவான், நான் திருப்பிச் சொல்லணும். எங்க அப்பா கேட்டிருந்தா ரெண்டு பேரையும் பெஞ்சு மேல ஏத்தியிருப்பாரு." தொலைக்காட்சியில் அந்தப் படங்கள் வந்தால் சத்தத்தை அடக்கிவிட்டுப் பார்ப்பார்.

முதல் படம் வந்தபோது அவருடைய அம்மா ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் மெம்ஃபிஸ் தியேட்டரின் மாடிக்கு ஏறியிருக்கிறார். கீழே வெள்ளைக்காரர்கள், மாடி மட்டும் நமக்கென்று ஒதுக்கியது. படம் தொடங்கி முடிந்தது. மகள் வரவேயில்லை. அங்கே இருந்த வெள்ளைக்காரத் தணிக்கைக்காரர்கள் கறுப்பு முகம் வேண்டாமென்று மகள் வந்த காட்சிகளைக் கத்தரித்துவிட்டுத்தான் ஓட்டினார்கள். அம்மா ஊருக்குள் பொய்க்காரி ஆனார். அடுத்த படத்திலிருந்து மிஸ் டெல்ஃபின் ஒரு தந்திரம் செய்தார். தன் வசனம் வரும்போதெல்லாம் கதாநாயகியின் மேல் ஒரு கை இருக்கும். தோளில் தூசி தட்டுவார், ரிப்பன் முடிவார், சட்டைக்கையைச் சரிசெய்வார். "என்னை வெட்டணும்னா அவளையும் சேர்த்து வெட்டணும். அதுக்கு எவனுக்குடா தைரியம் வரும்?" அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் கத்தரிக்கோல் எங்கே வைத்திருக்கிறார் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும்.

தட்டு தூக்காமல் நடித்த படம் ஒன்றே ஒன்று. நம்மவர்கள் சேர்ந்து எடுத்தது, நம்மவர் கொட்டகைகளில் மட்டும் ஓடியது. அதில் அவர் டாக்டர். உலகத்தில் எஞ்சிய ஒரே பிரதி அவரிடம் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும், எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. இரவல் கொடுத்த இன்னொரு பிரதி திரும்பி வரவில்லை. இது தப்பான கைக்குப் போனால் அந்த டாக்டரம்மா அவரோடு புதைந்துபோவார், ஊர் நினைவில் சமையல்காரி மட்டும் இருப்பாள். உறக்கத்திலும் அவர் பயப்பட்டது இதற்குத்தான்.

அந்தப் பிரதியைக் கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். ஓக்லாந்திலிருந்து அண்ணன் மகள் கார்லிஸ். சர்ச் நிர்வாகி மிஸ்டர் டூலி, ஒரு கூடத்துக்கு மிஸ் டெல்ஃபின் பெயர் வைப்பதாகச் சொன்னார். பல்கலைக்கழகத்துப் படக் காப்பகத்திலிருந்து ரெனாட்டா பாய்கின் என்ற இளம்பெண். நம் பெண்தான், டெட்ராய்ட்காரி. ஆனாலும் அவள் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கார் எண்ணைக் குறித்துவைத்தேன்.

மிஸ் டெல்ஃபின் மூவருக்கும் ஆளுக்கொரு வட்டத் தகர டப்பா கொடுத்தார், எனக்கும் ஒன்று. சுற்றிலும் பசைநாடா. "படத்துல ஒரு பாகம். திறக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு கொண்டுவந்து காட்டு." பசைநாடாவுக்கு அடியில் தன் நரைமுடி ஒன்றை வைத்து ஒட்டியிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது.

ஞாயிறு வந்தது. கார்லிஸ் டப்பாவை நீட்டி, "தொடக்கூட இல்லை, அத்தை" என்றாள். மிஸ்டர் டூலி பைபிள்மேல் கை வைக்கவே தயாராக இருந்தார். மிஸ் டெல்ஃபின் நாடாவை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். இரண்டிலும் முடி இல்லை. "ரொம்ப நன்றி, போயிட்டு வாங்க" என்று வழியனுப்பிவிட்டு என் டப்பாவைப் பார்த்தார். முடி இருந்தது. பரீட்சையில் முதலாவதாக வந்த பையன்போல நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கடைசியாக ரெனாட்டா வந்தாள். டப்பாவுக்கு மூடியே இல்லை. மேஜைமேல் அதை வைத்த வேகத்தில் உள்ளே இருந்த சோள ரவை கொஞ்சம் சிந்தியது.

"திறந்தேன்" என்றாள். "உங்க வாசலை விட்டுக் காரை எடுக்கறதுக்கு முன்னாடியே திறந்தேன்."

மிஸ் டெல்ஃபின் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "திறக்காதேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அந்தக் காலத்துப் படச்சுருள் மூடியே வச்சா அழுகும், சூட்டுல வச்சா பத்திக்கும். அதைத் திறந்து மோந்து பார்க்காம வாங்கிட்டுப் போறவளுக்கு அந்தப் படத்து மேல அக்கறை இல்லைன்னு அர்த்தம். உள்ள பார்த்தா ரவை. ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல, மிஸ் டெல்ஃபின். இந்த வெயில்ல நிஜப் படத்தை எந்தப் பரண்ல போட்டு வேகவைக்கிறீங்களோன்னு அதே நினைப்பு. என்னைச் சோதிங்க, பரவாயில்ல. படத்தைச் சோதிக்காதீங்க."

இப்படி அவரிடம் பேசியவர்களை நான் பார்த்ததில்லை. கதை முடிந்தது என்று நினைத்தேன். சும்மா இருந்திருக்கலாம், வாய் கேட்கவில்லை. "என் டப்பா அப்படியே இருக்கு, மிஸ் டெல்ஃபின்" என்றேன்.

"தெரியும் தம்பி. நீ நல்லவன். நிஜப் படத்தையே கொடுத்திருந்தாலும் நீ நல்லவனாவே இருந்திருப்ப. படம் உன் அலமாரியில கூழாப் போயிருக்கும்." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் ரெனாட்டா பக்கம் திரும்பினார். "திறந்துட்டு இல்லைன்னு சாதிச்சவங்களைப் பார்த்தாச்சு. திறந்துட்டு என்னையே திட்டுறவ எவளாவது வருவாளான்னுதான் காத்திருந்தேன்."

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி எனக்கு நீட்டினார். சங்கிலியை அவிழ்த்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாலும் முட்டையும் இருக்க வேண்டிய தட்டுகளில் தகர டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஒரு மூலையில் வெண்ணெய்க் கட்டி, அவ்வளவுதான். ஸ்டூடியோவில் படம் வெட்டுகிற அறையில் தரை துடைத்த நம்மாள் ஒருவர் எந்தக் காலத்திலோ சொன்னாராம், குளிரில் வைத்தால் பிழைக்கும் என்று. சோறு வைக்க இடமில்லாமல்தான் ஊர் கொண்டுவந்த பண்டத்தையெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறார். நான் நகை, ஜின் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ரெனாட்டா ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. சுருளின் நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நகத்தளவு கட்டங்களில் வெள்ளைக் கோட்டு போட்ட இளம்பெண் ஒருத்தி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். வேறு யாரோ அவளுக்குக் காபி ஊற்றுகிறார்கள்.

"வெட்டுவீங்களா?" மிஸ் டெல்ஃபின் இன்னமும் அந்த மணிக்கட்டை விடவில்லை.

"ஒரு கட்டம்கூட வெட்டமாட்டோம்."

"மெம்ஃபிஸ்ல போட்டா?"

"மெம்ஃபிஸ்லதான் முதல்ல போடப்போறேன். மாடியில எவனும் உட்கார வேணாம், எல்லாரும் கீழ வந்து பார்க்கட்டும்."

அவர் கையை விட்டார்.

ரெனாட்டாவின் காரில் உல்லாசப் பயணத்துக்குக் கொண்டுபோகிற ஐஸ் பெட்டிகள் இருந்தன. டப்பாக்களை அவற்றில் அடுக்கி, முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் எழுவதற்குள் மிஸ் டெல்ஃபின் எழுந்துவிட்டார். குழாயை மூக்கிலிருந்து எடுத்துப் போட்டார், விக்கைச் சரிசெய்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்ச் சங்கிலியை விலக்கிக் கதவை அகலத் திறந்தார். எத்தனையோ படங்களில் எத்தனையோ வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குத் தலை கவிழ்ந்து கதவு திறந்தவர், இப்போது தலையை நிமிர்த்தி நின்றார். பெட்டிகள் ஒவ்வொன்றாக அவரைக் கடந்து போயின. அவருக்கு மூச்சு வாங்கியது. கதவை நான் பிடித்துக்கொள்ளலாம் என்று கை நீட்டினேன். தட்டிவிட்டார்.