எல்லைப் பட்டியலில் எழுதிய பிள்ளை

காலை பதினொன்றே கால் மணிக்குச் செய்தி வந்தது. திருப்பதியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் வாசலில் திருவேங்கடம் மாமா நின்றிருந்தார்.

"தாட்சாயணி, உங்கண்ணன் பூட்டான்மா. திருத்தணி ஆஸ்பத்திரியில, விடிகாலம். காமாலை."

அழுகை வந்தது. அதற்காக அவனை நல்லவன் என்று எழுதிவிட முடியாது.

அண்ணன் வேதாச்சலத்துக்குப் புத்தூர்ச் சந்தையில் வேர்க்கடலைத் தரகு. அதைவிடப் பெரிய வேலை, தன்னைத் தலைவர் என்று நினைத்துக்கொள்வது. ஆந்திர மாநிலம் பிரிந்தபின், எங்கள் தாலுக்காக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினான். கேட்க ஒன்பது பேர் இருந்தாலும் ஒன்பதாயிரம் பேருக்கான குரல்.

அப்போது செங்கம்மாவோடு குடியிருந்தான். கடலை உடைக்கும் கூலிக்கு வந்தவள். திருப்பதி மலையில் தாலி கட்டுவதாகச் சொல்லி நாலு வருஷம் ஓட்டினான்; அடிவாரத்து அலிபிரி வரைக்கும்கூட அழைத்துப் போகவில்லை. பையன் பிறந்ததும் திருமலை என்று பெயர் மட்டும் வைத்தான்.

எல்லைப் பேச்சு சூடாக இருந்த வருஷம், மனுவோடு கொடுக்க வீடுவீடாகத் தமிழர்களைத் தலையெண்ணிப் பட்டியல் எழுதினான். தன் தெருவில் தமிழ்த் தலையைவிடத் தெலுங்குத் தலை ஒன்று கூடுதலாக இருந்தது. பதறிப்போய்த் தன் பெயருக்குக் கீழே 'மனைவி செங்கம்மா, மகன் திருமலை, வயது மூன்று' என்று சேர்த்துக் கையெழுத்தும் போட்டான். அதைப் பார்த்து, மனுவோடு அனுப்பச் சுத்தப் பிரதி எழுதிக் கொடுத்தவள் நான்.

மறுவருஷம் நகரியில் நிலபுலனோடு ஒரு பெண் அமைந்தது. உடனே பையன் அவனுடையவன் இல்லாமல் போனான். செங்கம்மா ஜீவனாம்ச வழக்குப் போட்டாள். "எவனுக்குப் பொறந்ததோ" என்று கூண்டில் நின்று சொன்னான். அவன் கைப்பட எழுதிய தாள் என்னிடமே தங்கியிருந்தது. செங்கம்மாவின் வக்கீலிடம் அதைக் கொடுத்தேன்.

மாஜிஸ்திரேட் தாளைக் காட்டிக் கேட்டபோது, "அது ஜனத்தொகைக்காக எழுதினது சாமி" என்றான். குமாஸ்தாகூடச் சிரித்துவிட்டார்.

வராந்தாவில் செங்கம்மா அவனை மறித்தாள். "தெலுங்குக்காரனுக்குக் கணக்கு காட்ட எம்புள்ள உம்புள்ள. சோறு துன்ன வந்தா மட்டும் ஊரான் புள்ளயா, தலைவரே?"

"மேல்கோர்ட்டுல பாத்துக்கறேன், போடி."

"போய்க்கினே இரு. அங்கயும் இந்தக் காயிதம் வரும்."

மாதம் பதினைந்து ரூபாய் தரச் சொல்லி உத்தரவானது. நகரிப் பெண்வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எட்டு மாதம் முனகிக்கொண்டே கொடுத்தான்.

அறுபதாம் வருஷம் ஏப்ரலில் திருத்தணி சென்னைக்குப் போயிற்று. புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. அவனோடு ஊர்வலம் போனவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அவன் பெட்டியோடு திருத்தணிக்கு ரயிலேறினான். ஆந்திரக் கோர்ட்டு உத்தரவு அந்தப் பக்கம் செல்லாது என்று எவனோ சொன்னதை நம்பினான். தமிழரை ஒன்றுசேர்க்கக் கேட்ட எல்லைக்குப் பின்னால், ஆறு வயதுத் தமிழ்ப் பையன் ஒருவனுக்குப் பயந்து ஒளிந்துகொண்டான்.

உத்தரவு அங்கேயும் செல்லும், ஆள் இருக்கும் இடம் தெரிந்தால் போதும் என்றார் வக்கீல். அவன் மாதத்துக்கு ஒரு வீடு மாறினான்.

"கடைசியா எங்க இருந்தான் மாமா?" என்று கேட்டேன்.

"யாருக்கும்மா தெரியும். ஆஸ்பத்திரியிலகூட ஊர்ப்பேர் சொல்லலியாம். நம்ம சந்தைக்காரன் ஒருத்தன் பாத்து அடையாளம் சொல்லியிருக்கான்."

செங்கம்மாவுக்காகத் திருத்தணிக் கோர்ட்டுக்கு நான் எழுதிவந்த மனு மேசைமேல் இருக்கிறது. அதில் எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர் என்பதற்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.